இரண்டு புள்ளியா, மூன்று புள்ளியா? யூரேமா வண்ணத்துப்பூச்சிகளை வகைப்படுத்தும் கதை

மழை விட்டு இரண்டு நாள் கழித்து ஏதாவது ஒரு குளக்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். மாட்டுக் குளம்பு பதிந்த ஈர மண்ணில், மஞ்சள் காகிதத்தைக் கிழித்துப் போட்டதுபோல் பத்து இருபது சின்ன வண்ணத்துப்பூச்சிகள் உட்கார்ந்திருக்கும். ஈரத்தோடு சேர்த்து மண்ணிலுள்ள உப்பையும் உறிஞ்சிக்கொண்டிருக்கும் அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான். கிட்டே போனால் மொத்தமாக எழும்பி, முழங்கால் உயரத்தில் ஒரு சுற்று வந்து, திரும்பவும் அங்கேயே உட்காரும்.

ஆங்கிலத்தில் இவை கிராஸ் எல்லோ. நாம் புல் மஞ்சள் என்று வைத்துக்கொள்வோம். அறிவியல் பெயர் யூரேமா. இறக்கையை விரித்து அளந்தால் நான்கு, ஐந்து சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை, அப்புறம் அமெரிக்கக் கண்டங்களிலும், வெப்பம் உள்ள இடங்களில் எல்லாம் உண்டு. இதில் என்ன பெரிய விஷயம், மஞ்சள் பூச்சி மஞ்சள் பூச்சிதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வண்ணத்துப்பூச்சி பார்க்கத் தொடங்கிய புதிதில், குளக்கரையில் எடுத்த ஒரு படத்துக்கு ‘மூன்று புள்ளி புல் மஞ்சள்’ என்று பெயர் எழுதி, விஷயம் தெரிந்த ஒருவருக்குப் பெருமையாக அனுப்பினேன். அவர் பதிலுக்கு ஒரு வரிதான் அனுப்பினார்: “தம்பி, அறைக்கு உள்ளே இருக்கிறதை மட்டும் எண்ணுங்க.”

புல் மஞ்சள் உட்காரும்போது இறக்கையை மூடிக்கொண்டுதான் உட்காரும். ஆகவே நமக்குக் காட்சி தருவது இறக்கையின் அடிப்பக்கம். முன்னிறக்கை உடலோடு ஒட்டும் இடத்திலிருந்து நடுப்பகுதி வரை, நரம்புகள் சூழ்ந்த நீளமான ஓர் இடம் இருக்கிறது. அதைத்தான் அறை என்கிறார்கள். அறைக்குள் பழுப்பு நிறத்தில் குட்டிக் குட்டிப் புள்ளிகள் இருக்கும். புல் மஞ்சளில் பல சிற்றினங்கள் உண்டு. இரண்டு புள்ளி இருந்தால் ஹெகாபே, மூன்று இருந்தால் பிளாண்டா, ஒன்றே ஒன்று என்றால் ஆண்டர்சோனி. அறை முடிகிற இடத்தில் அவரைவிதை வடிவில் ஒரு வளையம் இருக்கும். அது கணக்கில் சேராது. நான் அதையும் சேர்த்து எண்ணி, சாதாரண ஹெகாபேயை பிளாண்டா ஆக்கியிருந்தேன்.

சரி, புள்ளியை எண்ணினால் வேலை முடிந்ததா? இல்லை. ஹெகாபேயிலேயே புள்ளிகள் மங்கிப்போனதும் உண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதும் உண்டு. பல நேரம் பின்னிறக்கை மேலே படிந்து அறையையே மறைத்துவிடும். அப்போது பின்னிறக்கையின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். பிளாண்டாவில் அது ஒரே வளைவாக உருண்டிருக்கும், ஹெகாபேயில் நடுவில் லேசாக முனை தட்டும். வெயிலுக்கு எதிர்ப்புறம் பூச்சி இருந்தால் இன்னொரு வசதி. மேல்பக்கத்துக் கறுப்புக் கரை, மூடிய இறக்கையின் ஊடாக நிழல்போலத் தெரியும். ஹெகாபேயின் முன்னிறக்கைக் கரையின் உட்புறத்தில், எலி கடித்ததுபோல் சதுரமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். கரை பள்ளமில்லாமல் வழவழவென்று வளைந்து, பூச்சியும் சின்னதாக இருந்தால் பிரிகிட்டாவாக இருக்கலாம். முன்னிறக்கையின் நுனி உருண்டையாக இல்லாமல் வெட்டிவிட்டதுபோல் இருந்தால் லீட்டா. இவற்றோடு, 1990ல் நீலகிரிப் பெயரிலேயே அறிமுகமான நீல்கிரியென்சிஸையும் சேர்த்தால் தென்னிந்தியக் கணக்கு ஆறு சிற்றினங்கள்.

இது அடையாளம் காண்பது. வகைப்படுத்துவது வேறு வேலை. பூச்சி எது என்று கேட்பது முதல் வேலை, அது யாருக்கு உறவு என்று கேட்பது இரண்டாவது. தொடக்கத்தில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாத ஆள் கிடையாது.

உறவு ஏணியை வேகமாக ஏறிவிடலாம். பூச்சிகளில், செதில் போர்த்திய இறக்கை உள்ளவை லெபிடாப்டெரா வரிசை. அதற்குள் வெள்ளையும் மஞ்சளுமான பூச்சிகளின் குடும்பம் பியரிடே. உலகம் முழுக்கச் சுமார் 1,100 சிற்றினங்கள். இந்தக் குடும்பத்தின் மஞ்சள் டெரின் என்ற நிறமிகளால் வருவது. ஆறு கால்களும் நடக்கப் பயன்படும், ஒவ்வொரு கால் நகமும் நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். பியரிடேயை இப்போது நான்கு துணைக்குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள். அவற்றில் நம் புல் மஞ்சள் இருப்பது கோலியாடினே. கொன்றை மரத்தைச் சுற்றி விர்ரென்று பறக்கும் பெரிய இளமஞ்சள் பூச்சிகளும் இதே துணைக்குடும்பம்தான். அதற்கும் கீழே யூரேமா பேரினம், பேரினத்துக்குள் சிற்றினங்கள்.

பேரினம் என்றால் என்ன? நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களின் தொகுப்பு என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். எவ்வளவு நெருக்கம் இருந்தால் நெருக்கம் என்று பாடம் சொல்லாது, சொல்லவும் முடியாது. பங்காளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவோடு கோடு போட்டால் ஒரு சின்னக் கூட்டம், கொள்ளுத்தாத்தாவோடு போட்டால் பெரிய கூட்டம். எங்கே போடுவது என்பது நம் வசதி. ஆனால் கோடு போட்டபிறகு, சித்தப்பா பிள்ளைகளை வெளியே விட்டுவிட்டு, முகஜாடை ஒத்துப்போகிறது என்று எதிர்வீட்டுப் பையனை உள்ளே சேர்க்க முடியாது. இன்றைய வகைப்பாட்டியல் விடாப்பிடியாக நிற்பது இந்த ஒரு விதியில்தான். ஒரு மூதாதையின் வழி வந்தவை அத்தனையும் உள்ளே, மற்றவை வெளியே. பேரினம் பெரிதா சிறிதா என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து இருந்துகொண்டே இருக்கும்.

யூரேமாவின் வரலாறு முழுக்க இந்தக் கோட்டுச் சண்டைதான்.

1758ல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் விலங்குகளுக்குப் பேரினம், சிற்றினம் என்று இரட்டைப் பெயர் சூட்டியபோது, பகலில் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகள் எல்லாவற்றையும் பாப்பிலியோ என்ற ஒரே பேரினத்துக்குள் போட்டார். நம் குளக்கரைப் பூச்சி பாப்பிலியோ ஹெகாபே ஆனது. கிரேக்கக் கதையில் ஹெகாபே டிராய் நகரத்து அரசி, வீரன் ஹெக்டரின் தாய். நம் ஊரில் கறுப்பும் சிவப்புமாகப் பறக்கிற, உடலும் சிவந்த ஒரு பெரிய பூச்சி உண்டே, அதற்கு அதே ஆண்டு அதே லின்னேயஸ் வைத்த பெயர் ஹெக்டர். தாயும் மகனும் ஒரே தோட்டத்தில் பறக்கிறார்கள். பூச்சிகளுக்குள் உறவு அவ்வளவு நெருக்கமில்லை, குடும்பமே வேறு. இரட்டைப் பெயரின் இரண்டாம் பாதியை வைத்து உறவு முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அத்தனை பூச்சிகளையும் ஒரே பேரினம் தாங்காது என்பது சீக்கிரமே புரிந்தது. 1819ல் ஜெர்மானியரான ஹூப்னர் யூரேமா என்ற பேரினத்தை உண்டாக்கினார். சில ஆண்டுகளுக்குள் ஆங்கிலேயரான ஸ்வெய்ன்சன் டெரியாஸ் என்று ஒன்றை உண்டாக்கினார். ஹூப்னர் கையில் இருந்தது அமெரிக்கப் பூச்சி, ஸ்வெய்ன்சன் கையில் இருந்தது ஹெகாபே. பிரிட்டிஷ் காலத்து இந்திய நூல்களைப் புரட்டினால் டெரியாஸ் ஹெகாபே என்றுதான் இருக்கும். இரண்டும் ஒரே பேரினம் என்று கருதினால் முந்திய பெயருக்கே உரிமை. அதனால்தான் இன்று யூரேமா.

இந்த இடப்பெயர்ச்சியை, முழுப் பெயரை எழுதும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். யூரேமா ஹெகாபே (லின்னேயஸ், 1758) என்று அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். யூரேமா நீல்கிரியென்சிஸ் யதா, 1990 என்பதில் அடைப்புக்குறி இருக்காது. பெயர் வைத்தவர் எந்தப் பேரினத்தில் வைத்தாரோ அதிலேயே இன்றும் இருந்தால் அடைப்புக்குறி இல்லை, வேறு பேரினத்துக்கு மாறியிருந்தால் உண்டு. அச்சுப் பிழை என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெயர்க் குழப்பத்துக்கு இன்னொரு பெரிய காரணம் பருவம். மழைக்காலத்து ஹெகாபேக்குக் கறுப்புக் கரை அகலமாக இருக்கும், அடிப்பக்கம் ஏறக்குறைய சுத்தமாக இருக்கும். வறண்ட காலத்தில் பிறந்தவைக்குக் கரை குறுகிவிடும், அடிப்பக்கத்தில் பழுப்புத் திட்டுகள் கூடிவிடும். லீட்டாவில் மாற்றம் இன்னும் பலம். கோடைக்காலத்து லீட்டாவின் பின்னிறக்கை அடிப்பக்கம் காய்ந்த புல்லின் நிறத்துக்குப் போய், இரண்டு சாய்கோடுகள் துலக்கமாகத் தெரியும். புழுப் பருவத்தில் இருந்த பகல் நீளத்தையும் வெப்பத்தையும் பொறுத்து ஒரே தாயின் பிள்ளைகள் இப்படி வேறு வேறு தோற்றத்தில் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனிலும் பாரிஸிலும் பெட்டியில் குத்திவைத்த காய்ந்த பூச்சியைப் பார்த்தவர்களுக்கு இது எப்படித் தெரியும்? ஜூலையில் பிடித்தது ஒரு சிற்றினம், ஜனவரியில் பிடித்தது இன்னொன்று என்று பெயர் சூட்டித் தள்ளினார்கள். இன்று சுமார் 70 சிற்றினங்கள் உள்ள இந்தப் பேரினத்துக்கு 300க்கும் மேல் கைவிடப்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாமும் அறைக்கு வெளியே இருந்ததை எண்ணியவர்தானே.

இந்தக் குப்பையைக் கிளறி ஒழுங்குபடுத்தியவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் புல் மஞ்சள்களை 1920களின் இறுதியில் அலெக்சாண்டர் கிளாட்ஸ் ஆராய்ந்தார். ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா பக்கத்தவற்றை ஜப்பானியரான ஒசாமு யதா 1980களின் இறுதியில் தொடங்கிப் பல பகுதிகளாக எழுதி முடித்தார். நீல்கிரியென்சிஸுக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். இறக்கை நிறத்தை நம்பினால் ஏமாறுவோம் என்று தெரிந்ததால், ஆணின் பிறப்புறுப்பு அமைப்பை உருப்பெருக்கியில் பார்த்து ஒப்பிட்டார்கள். அதற்குப் பருவம் கிடையாது, மழையானாலும் வெயிலானாலும் ஒரே வடிவம். இன்னொரு அடையாளம் வாசனைச் செதில் பட்டை. ஆண் ஹெகாபேயின் முன்னிறக்கை அடிப்பக்கத்தில், அறையின் கீழ் நரம்பை ஒட்டி ஒரு மங்கலான கோடுபோல அது இருக்கும்.

இப்படிப் பார்த்தபோது ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. யதா இந்தப் பக்கத்துச் சிற்றினங்களை இரண்டு துணைப் பேரினங்களாகப் பிரித்தார். ஹெகாபே, பிளாண்டா, ஆண்டர்சோனி எல்லாம் டெரியாஸ். பிரிகிட்டாவும் லீட்டாவும் அமெரிக்கப் பூச்சிகளோடு சேர்ந்து யூரேமா. அதாவது ஒரே குளக்கரையில், ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருக்கும் ஹெகாபேயைவிட, கடல் கடந்த ஒரு புளோரிடாப் பூச்சி பிரிகிட்டாவுக்கு நெருங்கிய உறவு என்கிறது இந்தப் பிரிப்பு.

அமெரிக்கப் பக்கம் கோடு இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் யூரேமாவுக்குள் இருந்த ஒரு கூட்டத்தைப் பைரிசிட்டியா என்ற தனிப் பேரினமாகப் பலர் பிரித்துவிட்டார்கள். அங்கே ஆரஞ்சு நிறத்தில் நிசிப்பே என்று ஒன்று இருக்கிறது. ஒரு பட்டியலில் அது யூரேமா நிசிப்பே, இன்னொன்றில் அபேயிஸ் நிசிப்பே. பூச்சி அதேதான், அதன் பாட்டுக்குப் பறந்துகொண்டிருக்கிறது.

நாளைக்கே யாராவது நன்றாக ஆராய்ந்து, ஹெகாபே கூட்டமும் அமெரிக்கக் கூட்டமும் தனித்தனிப் பேரினங்கள் என்று நிறுவினால், யூரேமா என்ற பெயர் யாருக்குப் போகும்? எண்ணிக்கை அதிகம் உள்ள பக்கத்துக்கா, ஊருக்கெல்லாம் தெரிந்த ஹெகாபேக்கா? இரண்டும் இல்லை. ஒவ்வொரு பேரினப் பெயரும் ஒரு குறிப்பிட்ட சிற்றினத்தோடு, முளையில் கட்டிய மாடுபோல, கட்டப்பட்டிருக்கிறது. அதை மாதிரிச் சிற்றினம் என்பார்கள். வேலியை எங்கே வேண்டுமானாலும் தள்ளிப் போடலாம், முளையைப் பிடுங்க முடியாது. யூரேமாவின் முளை, டெய்ரா என்று இன்று அழைக்கப்படும் அமெரிக்கச் சிற்றினத்தில் இருக்கிறது. ஆகவே பிரிந்தால் யூரேமா அங்கே போகும். நம் ஹெகாபே, பழைய நூல்களில் இருந்ததுபோல டெரியாஸ் ஹெகாபே என்றாகும். இருநூறு ஆண்டு பழைய பெயர் ஒன்று செத்துப்போகாமல் பரணில் கிடக்கிறது.

பரணிலிருந்து பெயர் இறங்கி வந்த கதை ஏற்கெனவே ஜப்பானில் நடந்திருக்கிறது. அங்கே ஹெகாபே என்று ஒரே சிற்றினமாக எண்ணியிருந்த பூச்சியில் இரண்டு வகை இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கவனித்தார்கள். ஒன்றுக்கு முன்னிறக்கை ஓரத்து மெல்லிய மயிர் மஞ்சள், மற்றதற்குப் பழுப்பு. மஞ்சள் வகை பெரிய தீவுகளில் வாழ்வது, இலையுதிர் காலத்தில் உருமாறி, முழுப் பூச்சியாகவே குளிரைத் தாண்டுவது. பழுப்பு வகை தெற்குத் தீவுகளில் வாழ்வது. ஓகினாவாவில் இரண்டும் சேர்ந்து பறக்கின்றன, ஆனாலும் தனித்தனியாகவே நீடிக்கின்றன. உண்ணும் செடியிலும், பருவத்துக்கு ஏற்ப உரு மாறும் விதத்திலும் வேறுபாடு இருந்தது. முடிவில் மஞ்சள் வகையைத் தனிச் சிற்றினம் என்று பிரித்தார்கள். புதுப் பெயர் தேவைப்படவில்லை. 1869ல் சூட்டப்பட்டு, பின்னால் ஹெகாபேக்குள் கரைந்துபோயிருந்த மாண்டரினா என்ற பெயர் மறுபடி எழுந்தது.

டிஎன்ஏ வந்துவிட்டதே, எல்லாச் சண்டையும் தீர்ந்திருக்குமே என்று நினைக்கலாம். இதே இரண்டு பூச்சிகளில்தான் டிஎன்ஏ ஆட்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. சிற்றினம் கண்டறிய வழக்கமாகப் படிப்பது மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ. அது தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்குப் போவது. ஜப்பானில் பல மாண்டரினாக்களுக்கு ஹெகாபேயின் மைட்டோகாண்ட்ரியா இருந்தது! செல்லின் உட்கருவிலுள்ள மரபணுக்களோ இரண்டும் வேறு வேறு என்று தெளிவாகச் சொல்லின.

காரணம் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா. பூச்சியின் செல்லுக்குள் குடியிருந்து, முட்டை வழியாகத் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும். தொற்று உள்ள ஆணோடு தொற்று இல்லாத பெண் இணைந்தால் முட்டை வீணாகும்படி செய்யும் தந்திரம் அதற்குத் தெரியும். அதனால் தொற்றுள்ள பெண்களின் வாரிசுகள் சில தலைமுறைகளில் பெருகிவிடுகின்றன. எப்போதோ ஒருமுறை இரண்டு சிற்றினமும் கலந்து, தொற்றுள்ள ஹெகாபேப் பெண்ணின் வாரிசு மாண்டரினா கூட்டத்துக்குள் நுழைந்திருக்கிறது. பாக்டீரியா பரவியபோது, அதே முட்டையில் பயணம் செய்த மைட்டோகாண்ட்ரியாவும் கூடவே பரவிவிட்டது. ஓகினாவாவில் இன்னொரு வோல்பாக்கியா பெண் பிள்ளைகள் மட்டுமே பிறக்கும்படி செய்கிறது. அந்தத் தாய்களுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்தபோது எல்லாம் ஆணாகப் பிறந்தன. அது தனிக் கதை.

ஆகவே மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் நம்பினால் மாண்டரினா ஹெகாபே ஆகிவிடும், நிறத்தை மட்டும் நம்பினால் கோடைப் பூச்சி வேறு சிற்றினம் ஆகிவிடும். வகைப்படுத்துகிறவர் எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்க்கிறார். அதில் நம் கைக்கு எட்டுவது புழு. ஹெகாபே இலைக்கு ஒன்றாகத் தனித்தனி முட்டை இடும். தகரை, வாகை, கொன்றை, கொடுக்காப்புளி என்று அதற்குச் செடி நிறைய. புழு பச்சை, தலையும் பச்சை. பிளாண்டா கூட்டமாக முட்டை வைக்கும், புழுக்கள் சேர்ந்தே மேயும், தலை கறுப்பு. ஆண்டர்சோனி இந்த அவரைக் குடும்பத்துச் செடிகளை விட்டுவிட்டு, வேம்பாடம் இனத்துக் கொடிகளைத் தேடிப் போகிறது. இறக்கையில் புள்ளி எண்ணித் தலைசுற்றிய பிறகு, புழுவின் தலை எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இப்போதெல்லாம் அறை தெரியாத படத்துக்கு ‘யூரேமா’ என்று மட்டும் எழுதிவிடுகிறேன். பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. போன ஐப்பசியில் வீட்டுக்குப் பின்னால் முளைத்திருந்த தகரையில் ஒரு மஞ்சள் பூச்சி வந்து, வாலை வளைத்து, இலைமேல் ஒரே ஒரு முட்டை வைத்துவிட்டுப் போனது. அரிசி நுனியை நட்டுவைத்ததுபோல் வெள்ளையாக நின்றது. படத்தில் பின்னிறக்கை அறையை முழுக்க மறைத்திருந்தது. ‘ஹெகாபே?’ என்று குறித்துவைத்தேன். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது, இலையின் நடு நரம்போடு நரம்பாக ஒரு பச்சைப் புழு கிடந்தது. தலையும் பச்சைதான். கேள்விக்குறியை அடித்துவிட்டேன்.